வெயிலுக்கு மூன்று மணி நேர ஓய்வு

ஆரியங்கோடு, பாறசாலைப் பக்கம் சாரம் ஏறும் கொத்தனாரும் சித்தாளும் அறிய வேண்டிய செய்தி இது. கோடையில் வெயிலில் வேலை செய்வோருக்குப் பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வு தரும்படி கேரளத் தொழிலாளர் துறை உத்தரவிடுவது உண்டு. 2025-ல் அது பிப்ரவரி 11 முதல் மே 10 வரை அமலில் இருந்தது. காலை 7 முதல் இரவு 7 மணிக்குள் 8 மணி நேரம் வேலை. ஓய்வைக் காட்டி மேஸ்திரி கூலியைப் பிடிக்க நியாயமில்லை. எட்டு மணி வேலைதான் முழுசாக நடக்கிறதே!

ஐப்பசி மழை வேறு ரகம். பிற்பகலில் இடி கேட்டதும் கம்பியைப் போட்டுவிட்டுச் சாரத்திலிருந்து இறங்கி, கூரையுள்ள கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். தென்னை மரத்தடி ஆகாது. ஆனியில் ஊறிய செம்மண் சொல்லாமல் சரியும். வானம் தோண்டுபவர்கள், மழை நின்றிருந்தாலும், முட்டுக் கொடுக்காத ஆழக் குழியில் இறங்கக் கூடாது.