நியூ ஜேர்சியில் வாழ்ந்த மோகனாம்பாள்

எண்பதாம் இலக்க நெடுஞ்சாலையும் இருநூற்றெண்பத்தேழாம் இலக்க நெடுஞ்சாலையும் சந்திக்கும் பார்சிப்பனியிலும் அதன் அயலிலும் வாழும் எம்மவர் இல்லங்களில், பெண்பிள்ளை உள்ள வீடென்றால், வார இறுதி பெரும்பாலும் நடன வகுப்புக்கே உரியதாகிவிடுகின்றது. சலங்கைப் பையைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்படும் பெற்றோர், பிள்ளையின் அரங்கேற்றம் வரும்போது ஒரு சிறிய கலியாணத்துக்கு ஆகும் பணத்தையே அதற்கெனச் செலவிடுவதையும் நாம் காண்கின்றோம். ஆயினும், தமிழ்த் திரை கண்ட நாட்டியத் தாரகைகளுள் முதன்மையான ஒருவர் இதே மாநிலத்தில் வீடு வைத்து வாழ்ந்து, எம்மைப் போன்ற குடியேறிகளின் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக் கொடுத்தார் என்ற செய்தி அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாட்டியப் பேரொளி பத்மினியையே குறிப்பிடுகின்றோம். 1932 இல் திருவனந்தபுரத்தில் பிறந்து, லலிதா, ராகினி ஆகிய சகோதரியருடன் 'திருவாங்கூர் சகோதரிகள்' எனப் புகழ்பெற்ற அவர், 1961 இல் மருத்துவர் இராமச்சந்திரனை மணந்தார். பின்னர் கணவருடன் அமெரிக்காவில் குடியேறி, 1977 இல் நியூ ஜேர்சியில் தமது பெயரிலேயே ஒரு நுண்கலைப் பள்ளியை நிறுவினார். 1981 இல் கணவரை இழந்த பின்பும் அவரது கலைப்பணி ஓய்ந்துவிடவில்லை. 2006 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 24 ஆம் திகதி சென்னையில் அவர் காலமானார். தமிழ் அவருக்குத் தாய்மொழியன்று என்பதையும் இங்கு நினைவூட்டுதல் தகும். மலையாளம் பேசி வளர்ந்தவர் கற்றுக்கொண்ட தமிழில்தான் எமது பெற்றோரை அழவைத்தார்.

பத்மினியின் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவில் எழுவது ஜெமினி நிறுவனத்தின் 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் (1958) வைஜயந்திமாலாவுடன் அவர் ஆடிய போட்டி நடனமே. அது கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வேகத்தின் வெற்றி. அவரை வெறும் ஆடற்காரியாக மட்டும் நினைவில் இருத்துவது அவருக்கு இழைக்கும் அநீதி என்பது எமது கருத்து. 1955 இல் வெளிவந்த 'மங்கையர் திலக'த்தில் இருபத்துமூன்று வயதுப் பத்மினி, தம்மிலும் மூத்தவரான சிவாஜி கணேசனைத் தாயன்பு காட்டி வளர்க்கும் அண்ணியாக நடித்தார். அதே காலப்பகுதியில் வேறு படங்களில் அவருக்கே காதலியாகவும் நடித்தார். இரண்டையும் மக்கள் ஏற்றுக்கொண்டனர்.

'வீரபாண்டிய கட்டபொம்ம'னில் (1959) வெள்ளையம்மாளாக வரும் காட்சி இன்னொன்று. போருக்குப் புறப்படும் கணவனைத் தடுத்து, தான் கண்ட தீக்கனவைச் சொல்லி மன்றாடும் அந்தப் பெண்ணைப் படம் வெளிவந்த காலத்தில் கண்டவர்கள், சிவாஜியின் வீர வசனங்களுக்கு நடுவே வந்துபோகும் ஓர் உருக்கமான இடைவேளையாகவே அதைக் கருதியிருக்கக்கூடும். எமது மண்ணில் யுத்தம் வீட்டு வாசலுக்கு வந்த பின்னர் அதே காட்சியைக் கண்டவர்களுக்கோ, கட்டபொம்மனின் முழக்கத்தைவிட வெள்ளையம்மாளின் கெஞ்சலே நெஞ்சில் தங்கிற்று. இதற்கு மேல் அதுபற்றி எழுத வேண்டியதில்லை. வாசகருக்கே தெரியும்.

எனினும் அவரது நடிப்பின் சிகரம் 1968 இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'தில்லானா மோகனாம்பாள்'தான். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுத, கோபுலுவின் சித்திரங்களோடு வாரந்தோறும் வெளிவந்த தொடர்கதை அது. சிக்கல் சண்முகசுந்தரம் என்ற நாதஸ்வர வித்துவானாகச் சிவாஜியும், திருவாரூர் மோகனாம்பாளாகப் பத்மினியும் தோன்றினர். திரையில் சிவாஜியின் விரல்கள் அசைந்தாலும், நாம் கேட்பது மதுரைச் சகோதரர்களான சேதுராமன், பொன்னுசாமி ஆகியோரின் வாசிப்பையே. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் இதற்குக் கிடைத்தது. படம் நீளமானது. மதன்பூர் மகாராஜாவின் அரண்மனைப் பகுதியில் கதை சற்றுத் தொய்ந்துவிடுவதையும் மறைப்பதற்கில்லை. நாகேஷின் வைத்தியும் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியும் அந்த நீளத்தைத் தாங்கிப் பிடிக்கின்றனர்.

இதனை நடிகர் திலகத்தின் படம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அவரது கன்னங்களின் உப்பலையும் கழுத்து நரம்பின் புடைப்பையும் பற்றி எழுதாதவர் இல்லை. ஆனால் கதையின் பெயரோ மோகனாம்பாளுடையது. கத்திக்குத்தில் கையில் காயமுற்ற சண்முகசுந்தரம் தேறிவந்து மீண்டும் மேடையேறும் காட்சியை நினைவுகூருங்கள். காதலரிடையே பிணக்கு இருக்கின்றது. சுற்றிலும் சபை, அருகே கண்டிப்பான தாய் வடிவாம்பாள். தனித்துப் பேச ஒரு கணமும் இல்லை. ஆகவே மோகனா ஆடலையே கடிதமாக்குகின்றாள். பாட்டின் வரிகளால் அவனது உடல்நலத்தையும் மனநலத்தையும் ஊரறியக் கேட்கின்றாள். அவனோ நாதஸ்வரத்தால் பதில் சொல்கின்றான்.

இங்கே பத்மினியின் கண்களைக் கவனிக்க வேண்டும். கைமுத்திரை சபைக்கு உரியது, பார்வை ஒருவனுக்கு மட்டுமே உரியது. சபையை நோக்கிச் சிரிக்கும் முகம் அவன் பக்கம் திரும்பும்போது கணப்பொழுதில் கலங்கி, மறுபடி சபைக்காகத் தேறிக்கொள்கின்றது. அவனது கை நோகுமோ என்ற கவலை, கோபித்ததற்கான வருத்தம், தாய் கண்டுவிடுவாளோ என்ற அச்சம் ஆகிய மூன்றும் தாளம் தவறாமல் அந்த முகத்தில் வந்துபோகின்றன. தவிலுடன் அமர்ந்திருக்கும் டி. எஸ். பாலையா எல்லாவற்றையும் புரிந்துகொண்டு முறுவலிக்கும் அழகு வேறு. அப்போது பத்மினிக்கு வயது முப்பத்தாறு. திருமணமாகித் தாயாகவும் ஆகியிருந்தார். கன்னி வேடத்துக்கு உடல் பருத்துவிட்டது என்று குறைகூறியோரும் உளர். அந்த முகத்தைக் கண்ட பின்னும் இடையை அளந்துகொண்டிருந்தவர்களுக்கு நாம் என்ன சொல்வது?

கூட்டத்தின் நடுவே நின்று நலம் விசாரிப்பது எத்தகையது என்பதை எம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போயிருந்தபோது, வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்த தாய் தொலைபேசி நிலையத்தில் பத்துப் பேர் வரிசையில் நிற்க, வெளிநாட்டிலிருந்த மகனிடம் "சாப்பிட்டியோ?" என்று கேட்டாள். கேட்க நினைத்த மற்ற எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லே சுமந்தது. மகனும் "ஓம்" என்றான். அதே காலத்தில் மின்சாரமின்றி இருண்டுகிடந்த ஊரில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இப்படத்தின் பாடல்கள் காதுவழியே வந்தன. அவர்களுட் பலர் மோகனாவின் முகத்தைப் புலம்பெயர்ந்த பின்னரே முழுதாகக் கண்டனர்.

எமது நடன வகுப்புகளில் பயிலும் பிள்ளைகளுக்கு அடவுகள் நன்றாகவே வருகின்றன. தாளமும் பிழைப்பதில்லை. பதத்துக்கு அபிநயம் பிடிக்கும்போதுதான் இடறுகின்றது. பாட்டின் சொல் விளங்காத பிள்ளை ஆசிரியை காட்டிய முகத்தைத் தன் முகத்தில் ஒட்டிக்கொள்கின்றாள். ஒரு தடவை அந்தக் காட்சியைப் பிள்ளையுடன் சேர்ந்திருந்து, இடையிடையே நிறுத்தி, "இப்ப அவ என்ன கேட்கிறா?" என்று வினவிப் பாருங்கள். பாட்டின் பொருளைச் சொல்லிய பின்னர் மறுபடி ஓடவிடுங்கள். முத்திரை என்பது ஒருவர் இன்னொருவரிடம் பேசுவது என்பதைப் பிள்ளை அங்கேதான் காண்பாள்.

நீண்ட இடைவெளிக்குப் பின், அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டிருந்த காலத்தில், பாசில் இயக்கிய 'பூவே பூச்சூடவா'வில் (1985) பத்மினி பாட்டியாக நடித்தார். 1984 இல் மலையாளத்தில் வந்த படத்தின் தமிழ் வடிவம் அது. அங்கும் அவரே பாட்டி. உறவுகளோடு முறிந்து தனியே வாழும் கிழவி, அயல் பிள்ளைகள் குறும்பாக அழுத்தித் தொல்லை தருவதால் வாசலின் அழைப்பு மணியையே கழற்றிவிடுகின்றாள். கண்டறியாத பேத்தி (நதியா) ஒருநாள் வந்து நிற்கின்றாள். வெறுப்பு மெல்லக் கரைகின்றது. பேத்திக்கு உள்ள நோய் தெரியவரும்போது தந்தை வந்து அவளைச் சிகிச்சைக்குக் கொண்டுசென்றுவிடுகின்றார். கழற்றிய மணியைக் கிழவி மீண்டும் வாசலில் பொருத்திவைத்துக் காத்திருக்கின்றாள். பேத்தி திரும்பினாளா என்பதைப் படம் சொல்வதில்லை.

பேரப்பிள்ளைகளைப் படத்தில் மட்டுமே கண்ட பாட்டிமார் எமது ஊர்களில் எத்தனையோ பேர். தில்லானாவின் நீளத்துக்குப் பிள்ளைகள் பொறுமை காட்டமாட்டார்களெனின் இப்படத்திலிருந்தே தொடங்கலாம். பேச்சு எளிமையானது, பேத்தியின் குறும்பு இளையோரையும் இருத்திவைக்கும். இரு படங்களும் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. ஊரிலிருந்து பாட்டி வந்து தங்கியிருக்கும் வாரமாக அமைந்தால் இன்னும் நன்று. கதைச் சந்தேகங்களை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.