வாடகை வரலைன்னா பூட்டை மாத்தலாமா?

வழக்கமா ஆப், கோட், சம்பளம்னு பேசுவோம். இன்னைக்கு வீட்டு வாடகை. அதுவும் இந்தத் தடவை ஹவுஸ் ஓனர் பக்கம் இருந்து.

மந்தைவெளியில அம்மா பேர்ல ஒரு சின்ன ஃபிளாட் இருக்கு. வாடகை 20,000, அட்வான்ஸ் 60,000. அப்பா போனதுக்கு அப்புறம் அம்மாவோட மருந்து, மளிகை எல்லாம் அந்த வாடகையில்தான். குடியிருந்த அண்ணா தி. நகர்ல ஒரு கடையில கணக்கு எழுதுறவர். திடீர்னு வேலை போயிடுச்சு. "அடுத்த மாசம் சேர்த்துத் தந்துடறேன்மா"ன்னார். அம்மாவும் சரின்னுட்டாங்க. அப்படியே நாலு மாசம் ஓடிப்போச்சு. பாக்கி 80,000.

எனக்கு வந்த முதல் யோசனை: அவங்க ஊருக்குப் போற நேரமா பார்த்து பூட்டை மாத்திடலாம். இல்லன்னா ஃபியூஸைப் பிடுங்கிடலாம். நல்லவேளை, அதுக்கு முன்னாடி தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரைப் போய்ப் பார்த்தேன். "பூட்டை மாத்தினா பாக்கி வச்சவர் வழக்குப் போடுவார், நீ பதில் சொல்லிட்டு நிப்பே"ன்னார்.

காரணம் இதுதான். தமிழ்நாட்டுல 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போ இல்லை. அதுக்குப் பதிலா 2017-ல இயற்றின புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்தது. அதன்படி தண்ணி, கரண்ட் மாதிரி அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தவே கூடாது. நிறுத்தினா குடியிருப்பவர் வாடகை அதிகாரிகிட்ட போகலாம். சட்ட வழியில இல்லாம வெளியேத்தினா, ஆறு மாசத்துக்குள்ள சிவில் கோர்ட்டுல வழக்குப் போட்டு வீட்டுக்குள்ள திரும்ப வரவும் வழி இருக்கு.

அப்போ சரியான வழி எது? ரெண்டு மாச வாடகை பாக்கி விழணும். எழுத்துல கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் அனுப்பணும். பதிவுத் தபால்ல அனுப்பினா ஆதாரம் இருக்கும். வாட்ஸ்ஆப் மெசேஜை மட்டும் நம்பாதீங்க. நோட்டீஸ் கிடைச்சு ஒரு மாசத்துக்குள்ள வட்டியோட மொத்தமும் கட்டிட்டா, அந்தக் காரணத்துக்காக அவரை வெளியேத்த முடியாது. கட்டலைன்னா வாடகை நீதிமன்றத்துல மனு. ஒப்பந்தம் முடிஞ்சும் காலி பண்ணாம இருந்தா, அந்த மாசங்களுக்கு இரண்டு மடங்கு வாடகை இழப்பீடா கேட்கலாம்.

இங்கதான் ஒரு சின்ன கணக்கு. வேற ஒப்பந்தம் இல்லன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. பாக்கி ரெண்டு மாசம், நோட்டீஸ் ஒரு மாசம், ஆக மூணு. அதாவது நீங்க கோர்ட் படி ஏறும்போதே அட்வான்ஸ் தீர்ந்திருக்கும். நாங்க நாலு மாசம் சும்மா இருந்ததுதான் தப்பு.

இன்னொரு தப்பும் உண்டு. எங்க ஒப்பந்தம் ஸ்டாம்ப் பேப்பர்ல 11 மாசத்துக்கு எழுதினது. 11 மாசம்னா பதிவு வேண்டாம்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை. ஆனா புதுச் சட்டப்படி எத்தனை மாசமா இருந்தாலும் எழுத்து ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். ஆன்லைன்லயே பண்ணலாம். "பதிவு இல்லாத பேப்பரை நம்பி வழக்குக்குப் போனா, முதல் வாய்தாவே அந்தப் பேப்பர் செல்லுமாங்கிறதுலதான் போகும்"னார் வக்கீல்.

அதனால உட்கார்ந்து பேசினோம். அண்ணா தலை நிமிரவே இல்லை. பையனோட பரீட்சை முடியட்டும், ரெண்டு மாசம் தாங்கன்னார். எழுதிக் கையெழுத்து வாங்கினோம். சொன்ன தேதியில சாவியைக் கொடுத்தார். மொத்த பாக்கி 1,20,000; அட்வான்ஸ் போக 60,000. மாசம் 10,000-ன்னு நாலு தவணை வந்திருக்கு. இன்னும் 20,000 பாக்கி. வாடகை பாக்கியைக் கேட்க மூணு வருஷம் கால வரம்பு இருக்கு, அதனால அந்தக் கடிதத்தைப் பத்திரமா வச்சிருக்கோம்.

அம்மா மட்டும் "வந்துடும்டா"ங்கிறாங்க. புது ஆளுக்கு ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணிட்டுத்தான் சாவியைக் கொடுத்தோம்.

உங்க வீட்டு ஒப்பந்தம் பதிவாகியிருக்கா? ஓனரோ, வாடகைக்கு இருக்கிறவரோ, இன்னைக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.