தோளே பகையாகும் பிடி

1882இல் ஜப்பானில் ஜிகோரோ கானோ நிறுவிய ஜூடோவில் 'கட்டா கட்டாமே' என்றொரு பிடி உண்டு. தோளை அடக்கும் பிடி என்பது அதன் பொருள். பிரேசில் நாட்டு ஜியு ஜிட்சுவில் இதுவே தலையையும் ஒரு கையையும் சேர்த்து நெரிக்கும் பிடியாகக் கற்பிக்கப்படுகிறது. 2008இல் அபுதாபிப் பள்ளிகளிலும் இக்கலை பாடமாக அறிமுகமானது.

இதன் நுட்பத்தைக் கேளுங்கள். மல்லாந்து வீழ்ந்தவரின் ஒரு கை அவர் முகத்துக்குக் குறுக்கே தள்ளப்படுகிறது. பிடிப்பவர் தம் கையால் அவர் கழுத்தை வளைத்து, அந்தப் புயத்தைத் தம் தலையால் அழுத்துகிறார். கழுத்தின் ஒரு பக்கத்தைப் பிடிப்பவரின் புயமும், மறுபக்கத்தை அகப்பட்டவரின் சொந்தத் தோளுமே நெருக்குகின்றன. தடைப்படுவது மூச்சன்று, மூளைக்குச் செல்லும் இரத்தம். சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும்.

புதியவர் புயவலிமையால் நெரிக்க முனைந்து களைத்துப் போவார். தேர்ந்தவரோ தலையைத் தாழ்த்தி, அகப்பட்ட கையின் பக்கமாக நகர்ந்து, மார்பின் பாரத்தை மெல்ல இறக்குவார்.

பெற்றோர்களே! பிள்ளைகள் இதைத் தகுந்த ஆசிரியரிடமே பயிலட்டும். வீட்டில் தம்பியின் கழுத்தில் சோதிக்க விடாதீர்கள். எதிராளி தட்டிய கணமே பிடியை விட வேண்டும். தட்டாமலே உடல் துவண்டாலும் விட வேண்டும். உடன் பயில்பவரின் உயிர் அந்நொடியில் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இறுக்கக் கற்குமுன் விடக் கற்பதே முதற்பாடம்.