விமானத்தின் உடலும் ஆன்டெனாவின் மறு பாதியும்

யுஎஸ்பி டாங்கிள் ஒன்றைக் கம்ப்யூட்டரில் செருகி, வானில் பறக்கும் விமானங்கள் அனுப்பும் சிக்னல்களைப் பிடிப்பது என் பொழுதுபோக்கு. காந்த அடி கொண்ட சிறு ஆன்டெனாவை மர மேஜையில் வைத்தபோது திரையில் ஒன்றிரண்டு விமானங்களே தெரிந்தன. அதையே பிஸ்கட் டின் மூடி மேல் வைத்தேன். எண்ணிக்கை கூடியது. ஏன்?

இந்தக் குச்சி, பாதி ஆன்டெனாதான். இதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. மறு பாதியின் வேலையை அடியில் உள்ள உலோகப் பரப்பு செய்கிறது. இதனை கிரவுண்ட் பிளேன் என்பார்கள். விமானம் தன் இருப்பிடத்தை அறிவிக்கும் 1090 மெகாஹெர்ட்ஸில் குச்சி சுமார் 7 செ.மீ. இருக்கும். விமானி பேசும் 118-137 மெகாஹெர்ட்ஸில் சுமார் 60 செ.மீ. தகடும் குச்சியைச் சுற்றி அந்த அளவுக்காவது பரந்திருக்க வேண்டும்.

அலுமினிய விமானத்தில் கவலையில்லை, உடலே தகடு. ஆனால் போயிங் 787 விமானத்தின் எடையில் சுமார் பாதி, பிசினில் நார்களைப் பதித்துச் செய்யும் கம்போசிட். இதில் இரண்டு வகைகளைப் பார்ப்போம்.

கிளாஸ் ஃபைபர்: மின்சாரம் கடத்தாது, என் மர மேஜை போலத்தான். எனவே உட்புறம் செம்புத் தகடோ வலையோ ஒட்ட வேண்டும். ஆனால் ரேடியோ அலைகள் இதனுள் எளிதில் புகும். ஆகவே இரு பாதிகளும் கொண்ட டைபோல் ஆன்டெனாவை, செம்பு டேப்பினால் செய்து உடலுக்குள்ளேயே மறைத்து விடலாம். இதற்கு கிரவுண்ட் பிளேன் தேவையில்லை.

கார்பன் ஃபைபர்: கடத்தும், ஆனால் அலுமினியத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். நார் ஓடும் திசையில் நன்றாகவும், குறுக்கே மோசமாகவும் கடத்தும். இருந்தாலும் கிரவுண்ட் பிளேனாக ஓரளவு வேலை செய்யும். சிக்கல் இணைப்பில்தான். நார்களைப் பிசின் மூடியிருப்பதால், ஆன்டெனாவின் அடிப்பகுதியை வெறுமனே திருகி வைத்தால் சரியான தொடர்பு கிடைக்காது. ஈரம் சேர்ந்தால், கார்பனைத் தொடும் அலுமினியம் அரிக்கும். உள்ளே ஆன்டெனாவை வைத்தாலோ, கார்பன் சிக்னலைத் தடுத்து விடும்.

இதற்குத் தீர்வு, மேல் அடுக்கில் மெல்லிய செம்பு வலை. மின்னலிலிருந்து காப்பதற்காகப் பதிக்கப்படும் இந்த வலை, ஆன்டெனாவுக்கும் தளமாகிறது. இணைப்பு பலவீனமானால், ஏதோ ஒரு திசையில் விமானியின் குரல் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை எட்டாமல் போகலாம்.

கார்பன் ஃபிரேம் டிரோன் வைத்திருக்கிறீர்களா? ஜிபிஎஸ் ஆன்டெனாவை ஃபிரேமுக்குக் கீழே வைக்காதீர்கள். மேலே, வானம் தெரியும்படி பொருத்துங்கள்.