ஜவ்வு வளருமா?

மலை ஏறச் சொன்னால் எங்கள் அம்மா இன்றைக்கும் ஏறிவிடுவார். இறங்குவதுதான் பெரும்பாடு. கோவிலூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே பூண்டுக்காடு படிப்படியாக ஓடைவரை இறங்கிப் போகிறது. அந்த இறக்கத்தில் அம்மா நேராகக் கால் வைப்பதில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வலது கையைத் தொடையில் ஊன்றி, வலிக்கிற இடது காலை முதலில் கீழே விடுவார். அது தரையில் பதிந்ததும் ஒரு மூச்சு நின்று, மற்றக் காலை இழுத்துச் சேர்ப்பார். முப்பது வருடம் உர மூட்டையோடு இறங்கி, கேரட் மூட்டையோடு ஏறிய பாதை அது.

நான் கோவிலூரில் பிறந்தவள். இப்போது தேனியில் பிசியோதெரபி பார்க்கிறேன். எங்கள் வட்டவடைப் பஞ்சாயத்து இடுக்கி மாவட்டத்தில், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன், பாம்பாடும் சோலை வழியாக 45 கிலோமீட்டரில் இருக்கிறது. அரசாங்கம் கேரளம், வீட்டில் பேசுவது தமிழ். காந்தல்லூர் வட்டவடைப் பூண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. அந்தப் பூண்டை நட்டு, களையெடுத்து, பிடுங்கிக் கட்டியதெல்லாம் பெண்கள், குத்தவைத்து உட்கார்ந்தபடியே. எங்கள் தெருவில் அறுபது தாண்டிய பெண்களில் இன்றைக்கு அப்படி உட்கார முடிகிறவர்கள் இரண்டே பேர்.

ஏறும்போது வராத வலி இறங்கும்போது ஏன் வருகிறது? பெர்லினில் ஒரு மருத்துவக் குழு இதை நேரடியாகவே அளந்து பார்த்திருக்கிறது. செயற்கை மூட்டு வைத்த ஐந்து பேருக்கு, அந்த மூட்டுக்குள்ளேயே அளவுக்கருவியைப் பொருத்தி, நடக்கும்போது முட்டி எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பதிவு செய்தார்கள். 2010-ல் வெளிவந்த கணக்கு இது: சமதளத்தில் நடந்தால் உடல் எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு, படியேறினால் 3.2 மடங்கு, படியிறங்கினால் 3.5 மடங்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒரு பெண் வெறுங்கையோடு இறங்கினாலே முட்டியில் இருநூறு கிலோவுக்கு மேல் விழுகிறது. தலையில் முப்பது கிலோ மூட்டை இருந்தால் முந்நூறை எட்டும். இறக்கத்தில் தொடையின் முன்தசைதான் பிரேக். அது தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் நேராக மூட்டுக்குப் போகும்.

இந்த இடத்தில் ‘ஜவ்வு’ என்ற சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். முதுகில் டிஸ்க் பிதுங்கினாலும் ஜவ்வு, பந்து விளையாடும்போது தசைநார் அறுந்தாலும் ஜவ்வு, முட்டிக்குள் பிறை வடிவில் இருக்கிற மெனிஸ்கஸ் கிழிந்தாலும் ஜவ்வு, எலும்பு முனையைப் போர்த்தியிருக்கிற குருத்தெலும்பு தேய்ந்தாலும் ஜவ்வு. நான்கும் வேறு வேறு. ஆறுகிற விதமும் வேறு. தசைநாருக்கு ஓரளவு ரத்த ஓட்டம் உண்டு. மெனிஸ்கஸுக்கு வெளி ஓரத்தில் மட்டும் உண்டு. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது, நரம்பும் கிடையாது. கையில் கத்தி பட்டால் ரத்தம் வந்து, உறைந்து, புதுத்தோல் மூடுகிறதே, அந்த வேலையைச் செய்ய அங்கே ஆள் போய்ச் சேர வழியில்லை. அதனால்தான் தேய்ந்தது தானாகத் திரும்ப வருவதில்லை. “ஜவ்வை வளர வைக்கிறோம்” என்று யாராவது சொன்னால், எந்த ஜவ்வு என்று முதலில் கேளுங்கள்.

என் தம்பி அதைக் கேட்கவில்லை. எனக்கு இரண்டாவது பிரசவம் ஆகியிருந்த நேரம். போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு அம்மாவை ஒரு பெருநகரத்து கிளினிக்குக்கு அழைத்துப் போய்விட்டான். ஆபரேஷன் இல்லை, கத்தி இல்லை, ஸ்டெம் செல் ஊசி, இரண்டு முட்டிக்கும் சேர்த்து ஒரே பேக்கேஜ். அந்தப் போகத்துப் பூண்டு விற்ற பணத்தில் 85,000 ரூபாய் போனது. கைக்குழந்தையோடு நான் ஊருக்கு வந்தபோது அம்மா அந்தக் காகிதத்தை மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். செல் எங்கிருந்து எடுத்தது, எத்தனை செலுத்தினார்கள், எந்த அனுமதியின் கீழ் செய்தார்கள், எதுவும் அதில் இல்லை. மருந்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கிளினிக் பெயர்தான் அச்சாகியிருந்தது. போன் போட்டுக் கேட்டேன். “அது ஸ்பெஷல் செல் மேடம்” என்றார்கள்.

“தம்பியத் திட்டாத தாயி” என்றார் அம்மா. “எனக்கு நல்லது செய்யணும்னுதான் கூட்டிப் போனான்.” எனக்கு அவன் மேல் கோபமே இல்லை. அம்மாவின் நம்பிக்கையை வைத்துக் காசு பார்த்தவர்கள் மேல்தான் கோபம். அது இன்னும் ஆறவில்லை.

ஸ்டெம் செல் என்பது பொய்யான அறிவியல் இல்லை. எலும்பு மஜ்ஜையிலும் கொழுப்பிலும் இருக்கிற சில மூலச் செல்களைப் பக்குவப்படுத்தினால், ஆய்வகத் தட்டில் அவை குருத்தெலும்புச் செல்லாக மாறுவது உண்மை. வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்றே ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தட்டில் நடப்பது முட்டிக்குள் நடக்கிறதா என்பதுதான் கேள்வி. ஊசி வழியே உள்ளே போன செல்களில் பெரும்பாலானவை அங்கே குடியேறி வளர்வதில்லை. கொஞ்ச காலம் இருந்து, அழற்சியைத் தணிக்கிற சில பொருள்களைச் சுரந்துவிட்டு மறைந்துபோகின்றன. அமெரிக்காவில் 475 நோயாளிகளை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2023-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்தது. மஜ்ஜையிலிருந்து எடுத்தது, கொழுப்பிலிருந்து எடுத்தது, தொப்புள்கொடியிலிருந்து எடுத்தது என மூன்று வகைச் செல் ஊசிகளையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், வலியைக் குறைப்பதில் எந்தச் செல்லும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை.

நம் நாட்டில் விதியும் தெளிவாகவே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சைகள் தவிர, மற்ற ஸ்டெம் செல் பயன்பாடெல்லாம் முறையாக அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் நடக்க வேண்டும். பெங்களூருவின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம் மஜ்ஜைச் செல்லிலிருந்து தயாரித்த மருந்துக்கு 2022-ல் முட்டித் தேய்மானத்துக்கான அனுமதி கிடைத்தது. அப்படி அனுமதி பெற்ற மருந்து என்றால் பெயர் இருக்கும், பேட்ச் எண் இருக்கும். “ஸ்பெஷல் செல்” என்று ஒரு பெயர் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் கிடையாது.

ஸ்டெம் செல்லோடு சேர்த்தே பேசப்படுகிற பி.ஆர்.பி. ஊசி வேறு கதை. டெங்கு வந்தால் “பிளேட்லெட் இறங்கிருச்சு” என்று பதறுகிறோமே, அதே பிளேட்லெட்தான் இதில் மருந்து. ரத்தம் உறைய வைப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. காயம் பட்ட இடத்தில் திசு வளரத் தூண்டுகிற புரதங்களையும் அது தன் பைக்குள் சுமந்துகொண்டு வருகிறது. அவரவர் ரத்தத்திலிருந்தே பிளேட்லெட்டைப் பிரித்துச் செறிவாக்கி, வலிக்கிற இடத்தில் செலுத்துவதுதான் பி.ஆர்.பி.

நான் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முழங்கை மடிப்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க மருந்து கலந்த குழாயில் ஊற்றி, சுழற்றும் இயந்திரத்தில் வைப்பார்கள். மிக்ஸி ஓடுவதுபோல ஒரு சத்தம் சில நிமிடம் கேட்கும். வெளியே எடுத்தால் குழாய் மூன்றாகப் பிரிந்திருக்கும். அடியில் கருஞ்சிவப்பு, நடுவில் நூல் கனத்துக்கு வெள்ளைப் படலம், மேலே காய்ந்த வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர். பிளேட்லெட் அந்த வெள்ளைப் படலத்தை ஒட்டித்தான் திரண்டிருக்கும். அந்தப் பகுதியை மட்டும் உறிஞ்சி எடுத்து, ஸ்கேனில் பார்த்தபடி மூட்டுக்குள் செலுத்துகிறார்கள். இரண்டு மூன்று நாள் நன்றாக வலிக்கும். அந்த வலிக்குப் பயந்து புருஃபென் மாதிரி மாத்திரை போட்டால் பிளேட்லெட்டின் வேலை கெடும் என்பதால் மருத்துவர்கள் அதை நிறுத்தச் சொல்வார்கள்.

பலன் உண்டா? சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் இரண்டு முட்டியிலும் தேய்மானம் உள்ள 78 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2013-ல் வந்தது. உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு ஆறு மாதம்வரை வலி குறைவாக இருந்தது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது. பிறகு 2021-ல் ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்து, வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டு ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வலியிலும் சரி, எம்.ஆர்.ஐ.யில் அளந்த குருத்தெலும்பின் அளவிலும் சரி, உப்புநீருக்கும் பி.ஆர்.பி.க்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் தயாரிக்கும் முறை வேறு, செறிவு வேறு என்பது ஒரு பெரிய சிக்கல். அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு 2019-ன் வழிகாட்டுதலில் முட்டித் தேய்மானத்துக்கு பி.ஆர்.பி. வேண்டாம் என்றே சொன்னதற்கு இதுவும் காரணம்.

என் அனுபவத்தில், தேய்மானம் ஆரம்பத்தில் இருக்கிற சிலருக்கு பி.ஆர்.பி. போட்ட பிறகு சில மாதம் வலி குறைகிறது. அந்த மாதங்களில் தொடைக்கு வேலை கொடுத்தால் அது நல்ல வாய்ப்பு. முழங்கையில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கையாகச் சொல்லலாம். மண்வெட்டி பிடிக்கிற எங்கள் ஊர் ஆண்களுக்கு முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்குமே, டென்னிஸே பார்த்திராதவர்களுக்கும் வருகிற அந்த ‘டென்னிஸ் எல்போ’வுக்கு நெதர்லாந்தில் 100 பேரிடம் செய்த ஆய்வில், முதல் சில வாரம் ஸ்டீராய்டு ஊசி முந்தியது. வருடக் கடைசியில் பி.ஆர்.பி.தான் நின்றது. ஆனால் எலும்போடு எலும்பு உரசுகிற கடைசிக் கட்டத் தேய்மானத்தில் இதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம் என்பேன். அங்கே மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பயப்படாமல் மருத்துவரிடம் பேசுவதுதான் நல்லது.

போன வருடம் எங்கள் பஞ்சாயத்தில் பழத்தோட்டம் என்ற ஊரிலிருந்து ஒரு பையன் வந்தான். வாலிபால் நன்றாக ஆடுவான். குதித்து இறங்கும்போது முட்டிச்சில்லுக்குக் கீழே சுருக்கென்று வலி. “அக்கா, கிரிக்கெட்காரங்க எல்லாம் பி.ஆர்.பி. போடுறாங்களே, நானும் போட்டா அடுத்த மேட்ச் ஆடலாமா?” என்றான். விளையாட்டு உலகில் இது பிரபலமானது நிஜம்தான். டைகர் வுட்ஸ், நடால் எல்லாரும் போட்டுக்கொண்டவர்கள். 2010-ல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு தசைக்குள் பி.ஆர்.பி. போடுவதைத் தடை செய்து, மறுவருடமே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் அவன் வலிக்கு, அதாவது முட்டிச்சில்லின் கீழ்த் தசைநார் வலிக்கு, 57 விளையாட்டு வீரர்களிடம் உப்புநீரோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் பி.ஆர்.பி. எதையும் கூடுதலாகச் சாதிக்கவில்லை. அந்தத் தசைநாருக்குத் தேவை மெதுவான, கனமான பயிற்சி. மூன்று மாதம் குதிக்காதே என்றேன். முகம் வாடிப்போனது. இருந்தாலும் கேட்டான். கிராண்டிஸ் மரக்கட்டையைத் தோளில் வைத்து, மூன்று எண்ணி உட்கார்ந்து மூன்று எண்ணி எழுந்தான். அவனுக்கு அறுந்தது எதுவும் இல்லை என்பதால் இது போதும். முட்டியின் நடுத் தசைநார் முழுதாக அறுந்திருந்தால், இரண்டு முனையையும் இழுத்துச் சேர்க்கிற சக்தி எந்த ஊசிக்கும் கிடையாது.

அம்மாவுக்கு நான் புதிதாக எதையும் செய்யவில்லை. ஒரு கிலோ பூண்டைத் துணிப்பையில் போட்டு, கணுக்காலில் கட்டி, பெஞ்சில் உட்கார வைத்தேன். காலை மெதுவாக நேராக நீட்டி, பத்து எண்ணி, மெதுவாக இறக்க வேண்டும். இறக்கும்போதுதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் மலையில் அந்த வேலையைத்தான் தொடை செய்கிறது. பிறகு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. கைத்தடியை வலிக்காத பக்கத்துக் கையில் பிடிக்கச் சொன்னேன். எல்லாரும் வலிக்கிற பக்கமே பிடிப்பார்கள், அது தப்பு. உர மூட்டை இனிமேல் குதிரையில்தான் இறங்கும் என்று தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். குதிரைக் கூலி ஒரு போகத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தோம். அந்த 85,000 ரூபாய்க்குப் பல வருடம் ஓடும்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. “இதுக்காடி இம்புட்டுப் படிச்ச?” என்றார் அம்மா. மூன்றாம் மாதம் பை இரண்டு கிலோ ஆனது. எக்ஸ்ரேயில் முட்டி இடைவெளி அப்படியே குறுகலாகத்தான் இருக்கிறது. ஒரு நூல்கூட வளரவில்லை. குத்தவைத்து உட்காரவும் முடியாது. முக்காலியில் உட்கார்ந்துதான் களை எடுக்கிறார். ஆனால் போன முறை நான் போயிருந்தபோது, ஓடைக்குப் போகிற பாதையில் பக்கவாட்டில் திரும்பாமல் நேராகக் கால் வைத்து இறங்கினார். தடி கையில் இருந்தது, நிற்காமல் இறங்கினார்.

அன்றைக்கு ராத்திரி காலில் கட்டப் பையைத் தேடினேன். காலியாகக் கொடியில் தொங்கியது. கேட்டால், “விதைக்குப் பத்தல தாயி, அந்த ரெண்டு கிலோவையும் காட்டுல ஊண்டிட்டேன். நீ போறதுக்குள்ள வேற எதையாச்சும் போட்டுக் கட்டிக் குடு” என்றார். அடுப்படியில் உருளைக்கிழங்கு இருந்தது. எடைபோட்டுக் கட்டிக் கொடுத்தேன்.