கடற்குமிழியும் மருந்தேந்தும் பல்பகுதியமும்

இயற்கை வகுத்த ஆழமான துறைமுகங்களுள் திருக்கோணமலை உலகப்புகழ் வாய்ந்தது. 1957 ஆம் ஆண்டுவரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கிய இத்துறையில் போர்க்கப்பல்கள் பல தங்கிச் சென்றன. அவற்றுட் பலவற்றின் அடியில் இரு கருவிகள் அமைந்திருந்தன. ஒன்று நீர்மூழ்கியைத் தேடும் ஒலிக்கருவி. மற்றையது கப்பலைச் செலுத்தும் சுழல்விசிறி. இவ்விரண்டின்வழி அறியப்பெற்ற உண்மைகள் பின்னர் மருத்துவ ஆராய்ச்சியில் ஒன்றுகூடின.

மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கவல்லது. அதனினும் மிக்க அதிர்வுடைய ஒலி கழியொலி எனப்படும். முதலாம் உலகப்போர்க் காலத்தில் பிரெஞ்சு அறிஞர் போல் லாங்கெவின் படிகத்தை மின்னால் அதிரச்செய்து நீருட் கழியொலியை எழுப்பினார். எதிரொலி மீளும் காலத்தைக் கொண்டு மறைந்த பொருளின் தொலைவு கணிக்கப்பட்டது.

சுழல்விசிறி கற்பித்த பாடம் வேறு. அது மிக விரைந்து சுழலுமிடத்து நீரின் அமுக்கம் குறைந்து, சூடேற்றாமலே நீர் ஆவியாகிக் குமிழிகள் தோன்றும். அமுக்கம் கூடிய இடத்தை அடைந்ததும் அவை சடுதியாய் ஒடுங்கி அழியும். அத்தாக்கம் உலோகத்தையும் அரித்துக் குழியாக்கும். இவ்வொடுங்கலின் கணிதத்தை றேலிப் பிரபு 1917 இல் ஆராய்ந்து வெளியிட்டார். வலிய கழியொலியும் திரவத்தில் இத்தகைய குமிழிகளை உண்டாக்கும்.

உலோகத்தைத் தின்னும் இவ்வாற்றல் நோயாளிக்கு உதவுமோ? உதவக்கூடும் என 1989 இல் யோசெப் கோஸ்ட், றொபேட் லாங்கர் முதலியோர் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. சில பல்பகுதியங்கள் உடலில் மெல்லச் சிதைந்து கரைவன. காயந்தைக்கும் கரையும் நூல் அவ்வினத்தது. அவற்றுட் பொதிந்த மருந்து சிறிது சிறிதாக வெளியேறும். ஆயின் உடலின் தேவை எந்நேரமும் ஒருபடித்தன்று. நீரிழிவு நோயாளிக்கு உணவுண்டபின் இன்சுலின் மிகுதியும் வேண்டும். கழியொலியைச் செலுத்தியபோது பல்பகுதியம் சிதையும் வேகம் 5 மடங்கு வரையும், பொதிந்த பொருள் வெளியேறும் வேகம் 20 மடங்கு வரையும் உயர்ந்தன. ஒலியை நிறுத்தியதும் தணிந்தன. இம்மாற்றத்திற் குமிழிகளுக்குப் பெரும்பங்கு உண்டென அவர்கள் கருதினர்.

எனினும் உலோகத்தை அரிப்பது மென்றசையை எளிதில் விட்டுவைக்குமோ? ஒலியின் வலிமை மிகின் இழையங்கள் வெப்பத்தாலும் குமிழித் தாக்கத்தாலும் ஊறுபடும். மருந்து அளவின்றி வெளிப்படினும் ஆபத்தே. இன்சுலின் மிகின் குருதியில் வெல்லம் வீழ்ந்து உயிருக்கே இறுதி நேரலாம். ஆதலின் மருந்தை விடுவிக்கக் கற்ற அறிஞர், அதனை வேண்டுமளவில் நிறுத்தவும் கற்றல் வேண்டும். கப்பலுக்குப் பகையான குமிழி நோயாளிக்குத் துணையாவது அவ்வளவறிதலைப் பொறுத்ததாகும்.