மேடு பள்ளமான மனைக்கு முள்கம்பி வேலி

"வேலி போடறதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்" என்று ஒதுங்கி விடாதீர்கள், சகோதரிகளே! போட்ட வேலி ஆறே மாசத்தில் தொய்ந்து, ஆடு புகுந்து கீரைப் பாத்தியை மேய்ந்தால் நஷ்டம் யாருக்கு? தொங்கும் கம்பியில் குழந்தை கையைக் கிழித்துக் கொண்டால் துடிக்கப் போவது யார்? ஆள் வைத்துத்தான் செய்வோம். என்றாலும் மேற்பார்வை பார்க்க விவரம் தெரிய வேண்டாமா?

முள்கம்பிக்கும் அடுக்களைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1874-ல் இதற்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்க விவசாயி ஜோசப் கிளிட்டன், முள்ளை முறுக்க உபயோகித்தது காபிக்கொட்டை அரைக்கும் மெஷினைத்தான்!

அளவு எடுப்பது

சரிவான மனையில் பத்திரத்தில் உள்ள அளவை நம்பிக் கம்பி வாங்கினால் பற்றாது. ஏற்ற இறக்கத்தோடு தரையை ஒட்டிக் கயிறு பிடித்து அளக்க வேண்டும். சுற்றளவு 200 அடி, ஐந்து வரிசை என்றால் 1000 அடி. சுற்றிக் கட்டவும் சேதாரத்துக்கும் 100 அடி சேர்த்துக் கொள்ளுங்கள். கம்பியை எடை போட்டு விற்பார்கள். கிலோவுக்கு எத்தனை அடி வரும் என்று கடையிலேயே கேட்டு விடுங்கள். துத்தநாகப் பூச்சு உள்ளதாக இருந்தால் சீக்கிரம் துருப்பிடிக்காது.

கால் நடுவது

* 7 அடிக் கல்கால் என்றால் 2 அடி மண்ணுக்குள் போக வேண்டும்.
* முதலில் மூலைக்கால்கள். அடுத்து, மேட்டின் உச்சியில் ஒன்று, பள்ளத்தின் அடியில் ஒன்று. அப்புறம் இடையில் 8 அடிக்கு ஒன்று.
* தரை சரிந்தாலும் கால் சரியக் கூடாது. தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள்.
* மூலைக்கால்களுக்கு உள்பக்கமாக, கம்பி போகும் திசையில் சாய்வாக முட்டுக்கல் கொடுக்க வேண்டும். இதை மிச்சம் பிடித்தால் மொத்த வேலியும் தளர்ந்து விடும்.

பள்ளத்துக் கால் ஜாக்கிரதை!

கம்பியை இழுத்துக் கட்டியதும் மேட்டுக்கால் கீழே அமுங்கும். பள்ளத்துக்கால் மேலே கிளம்பப் பார்க்கும். ஆகவே பள்ளத்துக் காலை மட்டும் இன்னும் ஆழமாக நட்டு, அடியில் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் ஓடும் தாரையாக இருந்தால் குறுக்கே கால் வேண்டாம். மேல் கம்பியிலிருந்து தனியாக ஒரு துண்டு வேலியைத் தொங்க விட்டால் போதும்.

வரிசைகள் தரையின் போக்கிலேயே ஏறி இறங்கட்டும். அப்போதுதான் கீழே சந்து விழாது, பார்க்கவும் அழகாக இருக்கும். கீழ் வரிசை தரையிலிருந்து அரை அடி. கீழே நெருக்கமாக, மேலே கொஞ்சம் அகலமாகக் கட்டலாம்.

கை பத்திரம்

* இழுத்த கம்பி அறுந்தால் சாட்டை மாதிரி சுழலும். அந்த நேரம் குழந்தைகளை வீட்டுக்குள் வையுங்கள்.
* தோல் கையுறை, ஷூ அவசியம். முந்தானையைச் செருகிக் கொள்ளுங்கள்.
* வெட்டிய துண்டுகளை அன்றன்றே பொறுக்கி விடுங்கள்.
* முள் கீறினால் மஞ்சள்தூள், காபித்தூள் அப்ப வேண்டாம். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி டாக்டரிடம் போங்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போனால், ரணஜன்னி ஊசி தேவையா என்று அவர் சொல்வார்.
* எந்தக் காரணத்துக்காகவும் வேலியில் மின்சாரம் பாய்ச்சாதீர்கள். அது உயிரைக் குடிக்கும், சட்டப்படி குற்றமும்கூட.

வேலி முடிந்ததும் உள்பக்கம் நொச்சி, ஆடாதொடை நட்டு வையுங்கள். ஆடு மாடு வாய் வைக்காது. ஜலதோஷத்துக்கு நொச்சித் தழை ஆவி பிடிக்க, இனி வெளியே அலையவும் வேண்டாம்!